இன்ஃபார்ம், கம்யூனிகேட்: இரண்டு வினைகளும் அவற்றுக்கான தமிழும்

"மேனேஜருக்கு இன்ஃபார்ம் பண்ணிட்டேன்", "டீமுக்குக் கம்யூனிகேட் பண்ணிடுங்க" என்று அலுவலகப் பேச்சில் இரண்டு சொற்களும் ஒரே பொருளில் புழங்குகின்றன. இரண்டுக்கும் 'தெரிவி' என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் பிறப்பில் இவை வெவ்வேறு செயல்கள். அந்த வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் தமிழிலேயே இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு இழப்பாகப் படுகிறது.

இன்ஃபார்ம் என்பது லத்தீனின் 'இன்ஃபார்மாரே' என்ற வினை. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'ஃபார்மா' என்றால் உரு, வடிவம். ரிஃபார்ம், யூனிஃபார்ம் எல்லாம் அதே குடும்பம். ஒன்றுக்கு உருக்கொடுப்பது என்ற பொருள், மனத்துக்கு உருக்கொடுப்பது, அதாவது கற்பிப்பது, பயிற்றுவது என்று விரிந்தது. இன்று பெரும்பாலும் செய்தி சொல்வது என்ற பொருளே தங்கியிருக்கிறது.

அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் நேரான சொல் 'அறிவுறுத்து'. புறநானூற்றில் 'செவியறிவுறூஉ' என்றே ஒரு துறை, அதாவது பாடல் வகை, உண்டு. 184ஆம் பாட்டில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் அதிகம். அரசனின் செவி வழியே அவன் அறிவுக்கு உருக்கொடுக்கும் வேலை இது. இன்ஃபார்மாரே என்ற லத்தீன் வினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்றைய பொருளுக்கு 'அறிவி', 'தெரிவி' இரண்டும் சரி. அறி, தெரி என்ற வேர்களோடு, நன்னூல் சொல்லும் பிறவினை விகுதியான 'வி' சேர்ந்து பிறந்தவை. அறியச் செய்வது அறிவி, தெரியச் செய்வது தெரிவி. புழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசு விடுமுறையை அறிவிக்கிறது. நாம் ஊருக்கு வருவதை உறவினருக்குத் தெரிவிக்கிறோம். பொதுவில் எல்லாருக்கும் என்றால் அறிவி, குறிப்பிட்ட ஒருவருக்கு என்றால் தெரிவி.

அப்புறம் கம்யூனிகேட். லத்தீனின் 'கம்யூனிகாரே' என்றால் பொதுவாக்குதல், பங்கிடுதல். 'கம்யூனிஸ்', அதாவது பொதுவானது, என்பதிலிருந்து வந்தது. அதற்குள் இருக்கும் 'மூனுஸ்' என்ற சொல்லுக்குக் கடமை, கொடை என்ற பொருள்கள் உண்டு. கம்யூனிட்டி, கம்யூனியன், கம்யூனிசம் ஆகியவை இதன் உறவுகள். கிறிஸ்தவர்கள் திருவிருந்தில் பங்குபெறுவதையும் ஆங்கிலத்தில் கம்யூனிகேட் என்ற வினையால் சொல்வதுண்டு. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதற்கும் இதே வேர்தான். அங்கே தமிழ் 'தொற்று' என்று தன் போக்கில் அழகாகச் சொல்லிவிட்டது.

இந்தப் பிறப்பு வேறுபாடு ஆங்கில இலக்கணத்திலும் தெரிகிறது. இன்ஃபார்ம் என்ற வினைக்கு ஆள் செயப்படுபொருள், உருப்பெறுபவர் அவர்தானே. கம்யூனிகேட் என்ற வினைக்குச் செய்தி செயப்படுபொருள், பங்கிடப்படுவது அதுதான். தமிழில் இரண்டு இடத்திலும் 'அவருக்கு முடிவைத் தெரிவித்தேன்' என்று ஒரே அமைப்பு வருவதால் இது நம் கண்ணில் படுவதில்லை.

கம்யூனிகேட் என்பதற்குப் பலரும் எழுதும் 'தொடர்புகொள்' எனக்கு முழு நிறைவு தரவில்லை. 'அவரைத் தொடர்புகொண்டேன்' என்றால் போன் போட்டதாகத்தான் பொருள்; சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்பது அதில் இல்லை. இலங்கைத் தமிழில் 'தொடர்பாடல்' நிலைபெற்றுவிட்டது. இருபக்க உரையாடல் அதில் தொனிப்பதால் அது நல்ல ஆக்கம். என் தேர்வு 'பரிமாறு'. இலையில் சோறு வைப்பதும் பரிமாறுவதுதான், கருத்தைக் கொடுத்து வாங்குவதும் பரிமாறுவதுதான். பங்கிடுதல், கொடை என்ற லத்தீன் வேர்ப்பொருள் இரண்டும் அதில் இயல்பாக அமைந்திருக்கின்றன. 'கருத்துப் பரிமாற்றம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கும் தொடர்தான்.

ஒரு முடிவை மேலிருந்து கீழே சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் கம்யூனிகேட் என்றே இருந்தாலும் தமிழில் 'தெரிவி' போதும். அங்கே பரிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. வேலை விளம்பரங்களில் வரும் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்பதை 'எடுத்துச் சொல்லும் திறன்' என்று எழுதலாம்; படிப்பவருக்கு உடனே விளங்கும்.