தங்க நூலைக் குத்தாமல் தைப்பது

ரங்கூனில் (இப்போது யாங்கோன்) ஸ்காட் மார்க்கெட் என்றிருந்த, இன்றைய போஜோக் ஆங் சான் மார்க்கெட்டில் யானையும் மயிலும் ராமாயணக் காட்சியுமாக வெல்வெட் துணிகள் தொங்கும். பர்மியர்கள் இந்த வேலையை ‘ஷ்வே சீ டோ’ என்பார்கள். தங்க நூல் குத்துதல் என்று பொருள். பெயர்தான் அப்படி, தங்க நூலைத் துணியில் யாரும் குத்துவதில்லை. மேலே படுக்கவைத்து, வேறொரு மெல்லிய நூலால் கட்டிப்போடுகிறார்கள்.

காரணம் ஜரிகையின் உடம்பில் இருக்கிறது. நடுவில் ஒரு நூல், அதைச் சுற்றி உலோகப் பட்டை. இப்போது மலிவாகக் கிடைப்பதில் பட்டை பிளாஸ்டிக்தான். ஒரு முழம் ஜரிகையை ஊசியில் கோத்து வெல்வெட்டில் பத்துத் தரம் இழுத்துப் பாருங்கள். ஊசிக்காது பக்கம் பட்டை அவிழ்ந்து உள்நூல் எட்டிப்பார்க்கும்.

பூஜை அறைத் திரைக்கு மயில் தைக்க நினைப்பவர்கள் முதலில் மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வெல்வெட்டைத் தைத்துக்கொள்ளுங்கள். வட்ட வளையம் வேண்டாம். வெல்வெட்டின் மயிரை நசுக்கித் தடம் போட்டுவிடும்.

வெல்வெட்டில் வரைந்த மயிலின் கோட்டின்மேல் இரண்டு ஜரிகைகளைச் சேர்த்து வைத்து, தேன்மெழுகு தடவிய ஒற்றை நூலால் 3 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டு, குறுக்காக. மூலை வந்தால் மூலையிலேயே ஒரு கட்டு. சோம்பலில் 6 மில்லிமீட்டர் விட்டால் என்ன ஆகும்? சட்டத்தில் இழுபட்டிருந்த துணி, கழற்றியதும் கொஞ்சம் சுருங்கும். 30 சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதம் என்றாலும் 3 மில்லிமீட்டர் ஜரிகை மிச்சம். அது போக இடமில்லாமல் கட்டுகளுக்கு நடுவே புடைக்கும். இரு முனையும் பிடித்து அமுக்கிய ஈர்க்குச்சி வளைவது போலத்தான்: நீளம் பாதியானால் வளைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். நெருக்கமான கட்டு அழகுக்கு மட்டுமல்ல.

ஜரிகையின் முனையில் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பெரிய காதுள்ள தடித்த ஊசியால் முதலில் துளையை அகலப்படுத்தி, முனையை ஒரே தரம் பின்பக்கம் இறக்கி, மடித்துத் தைத்துவிடுங்கள். ஜரிகை துணிக்குள் போவது அந்த ஒரு தடவைதான்.

மயிலின் உடல் புடைத்து நிற்க வேண்டுமானால் அந்த வடிவத்தில் வெட்டிய துணியை ஓரம் தைத்து, விரல் நுழையும் வாய் விட்டுப் பஞ்சு அடைக்க வேண்டும். இதை ஜரிகைக்கு முன்பே முடியுங்கள். இலவம்பஞ்சு நல்லது; உள்ளே காற்று நிறைந்த குழல் போன்ற இழை, மேலே மெழுகுப் பூச்சு. ஜூன் மாத மழையிலும் பருத்திப்பஞ்சு மாதிரி ஈரம் குடித்துக் கட்டிதட்டாது. ஆனால் திணிக்காதீர்கள். சுற்றியுள்ள வெல்வெட் அலை அலையாக இழுபடும், பிறகு எந்த இஸ்திரிப் பெட்டியாலும் சரிசெய்ய முடியாது.

நடுவில் துளையுள்ள ஜிகினா வில்லைகள் கடைசி. நடுத்துளையில் ஊசியை மேலே எடுத்து ஓரத்தில் இறக்குங்கள். அடுத்தது முந்தையதில் பாதியை மூடினால் தையல் தெரியாது. 6 மில்லிமீட்டர் ஜிகினா என்றால் 10 சென்டிமீட்டர் வரிசைக்கு முப்பத்து மூன்று பிடிக்கும். வாங்கும்போது நாற்பதாக எண்ணி வாங்குங்கள், உடைசல் இருக்கும்.

வியர்வை பட்டால் செம்பு கலந்த ஜரிகை கறுத்துப் பச்சை பூக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். முடிந்த துணியை மடித்தால் மடிப்பில் பட்டை முறியும். தைத்த பக்கம் வெளியே தெரியும்படி, தடித்த குழாயில் பழைய வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள்.