புரோபயாடிக் – நன்னுண்ணுயிரி

தயிர்க் குவளை முதல் மாத்திரைக் குப்பி வரை இப்போது எதை எடுத்தாலும் ‘புரோபயாடிக்’ என்று அச்சடித்திருக்கிறது. ‘புரோ’ லத்தீன், ஒன்றுக்கு ஆதரவாக என்று பொருள். ‘பயாஸ்’ கிரேக்கம்; உயிர், வாழ்வு. இரண்டு மொழிகளை ஒட்டவைத்துச் செய்த சொல் இது.

ஆனால் பொருள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை வளரவைக்கும் பொருளை இப்படி அழைத்தார்கள். ஆன்டிபயாடிக் வளர்ச்சியைத் தடுக்கிறது, இது வளர்க்கிறது என்ற கணக்கு. அதாவது, அப்போது அது உயிரியின் பெயரே அல்ல! பிற்பாடுதான் உயிரியைக் குறிக்கத் தொடங்கியது. 2001இல் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு ஒரு வரையறை தந்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும், உயிருள்ள நுண்ணுயிரிகள். உயிர், அளவு, நன்மை மூன்றும் வேண்டும். புளிக்கவைத்த பிறகு சூடாக்கிப் பதப்படுத்திய தயிரில் சுவை இருக்கும். உயிரோடு நுண்ணுயிரிகள் இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நல்ல பாக்டீரியா’ என்று எழுதுவது பழகிவிட்டது. அது போதாது, சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்னும் ஈஸ்டும் இந்த வகைதான், அது பாக்டீரியா இல்லை. நல் + நெறி நன்னெறி ஆவதுபோல, நல் + நுண்ணுயிரி ‘நன்னுண்ணுயிரி’ ஆகும். இரண்டு முறை சொன்னால் நாக்கு பழகிவிடும். நான் இதையே பரிந்துரைப்பேன்.

இதன் உடன்பிறப்பு ‘பிரீபயாடிக்’. 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய சொல். ‘பிரீ’ என்றால் முன் என்பதால் ‘முன்னுயிரி’ என்று பெயர்த்துவிடக் கூடாது. அது உயிரியே அல்ல, குடல் நுண்ணுயிரிகளுக்கான தீனி. ‘நுண்ணுயிரூட்டி’ என்றால் வேலை விளங்கும்.

குடல் நலத்தில் அக்கறை உள்ளவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். வெங்காயம், பூண்டு, பயறு வகைகள், முழுத்தானியங்களில் உள்ள சில நார்ச்சத்துகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பங்கைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. வெளியிலிருந்து வரும் நன்னுண்ணுயிரிகளோ பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. உட்கொள்வதை நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ குறைந்துவிடும். ஆகவே தினமும் தட்டில் என்ன விழுகிறது என்பதே பெரிய விஷயம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே போகட்டும். அப்புறம் நடை, ஒழுங்கான தூக்கம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நடை பல நேரம் கைகொடுக்கும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்க வேண்டாம். அது நோய்க்கிருமியோடு குடலில் உள்ள நல்லவற்றையும் அழிக்கும்.

நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களும், குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்க நினைக்கும் பெற்றோரும் நன்னுண்ணுயிரி மாத்திரை, பொடிகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உயிருள்ள நுண்ணுயிரி என்பதால், அரிதாக அதுவே ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறியிருக்கிறது.