கண்ணாடியில் காயும் சுண்ணாம்பு

மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் நானும் மச்சானும் நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் கழுவ நின்றால், எதிர்க்கடையில் காப்பி ஓ குடித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பெரியவர் கேட்காமல் போகமாட்டார்: "ஏன் தம்பி, சோப்பு போடல, துணியால துடைக்கல, தண்ணிய அடிச்சி அப்படியே விட்டுட்டுப் போறீங்க, இதுக்கா இவ்வளவு காசு?"

நியாயமான கேள்விதான். நாங்கள் அடிப்பது உப்பை நீக்கிய தண்ணீர். குழாய்த் தண்ணீரை அடித்து அப்படியே விட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும், காரைக் கழுவி வெயிலில் காயவிட்டவர்களுக்குத் தெரியும். அந்த வட்டம் அழுக்கு இல்லை, தண்ணீருக்குள்ளேயே கரைந்திருந்த சரக்கு. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில், கரைந்த உப்பைக் காட்டும் மீட்டரை முக்கினால் 70 பிபிஎம் காட்டுகிறது, அதாவது ஒரு லிட்டரில் ஏறக்குறைய 70 மில்லிகிராம் கால்சியம், சோடியம் மாதிரியான உப்புகள். ஒரு சொட்டுக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை மைக்ரோகிராம், நகைக்கடைத் தராசுகூட அசையாது. பிறகு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? சொட்டு காயும்போது அதன் விளிம்பு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது, நடுவைவிட விளிம்புதான் வேகமாக ஆவியாகிறது, அங்கே குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது சரக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அத்தனையும் ஒரே கோட்டில் வளையமாகக் குவிந்துவிடும். மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் நடு வெளுத்து ஓரம் கறுப்பது ஏன் என்பதை 1997இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் விளக்கியபோது சொன்னதும் இதைத்தான்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். ஈப்போவைச் சுற்றி நிறையச் சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கின்றன. மழைத்தண்ணீர் மண்ணில் இருக்கும் கரியமில வாயுவை ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லைக் கரைக்கிறது. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகைக்குள் போனால் அதே தண்ணீர் கூரையிலிருந்து சொட்டி, வாயு வெளியேறி, சுண்ணாம்பு திரும்பக் கல்லாகித் தொங்குவதைப் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீரில் கழுவிய ஜன்னலில் நடப்பதும் அதே வேதியியல்தான், என்ன, ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் செம்பனை ஆலையில் கொதிகலன் தண்ணீர் பார்த்தவன். அங்கேயும் இதே மீட்டர்தான். குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, கடைசியில் குழாய் வெடிக்கும். அதனால் தண்ணீரிலிருந்து உப்பை நீக்க மச்சான் வேனில் பொருத்திய சாமான்களைப் பார்த்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. முதலில் மண்ணையும் துருவையும் பிடிக்க ஒரு வடிகட்டி, அடுத்து குளோரினை நீக்கக் கரி (குளோரின் பட்டால் அடுத்து வரும் சவ்வு கெட்டுவிடும்), அப்புறம் ஆர்.ஓ., அதாவது தண்ணீரை விட்டு உப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும் சவ்வு, கடைசியில் ரெசின் உருளை. ரெசின் என்பது கடுகு மாதிரி குட்டிக் குட்டி மணிகள். ஒரு வகை மணி கால்சியம், சோடியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும், இன்னொரு வகை குளோரைடு, சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். விட்ட இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். அதாவது உப்பை வாங்கிக்கொண்டு தண்ணீரைக் கொடுக்கிறது. கடைசியில் மீட்டர் 000 காட்டும். 10க்குக் கீழே இருந்தாலே கண்ணாடியில் பெரிதாகக் கறை தெரியாது.

சுத்தத் தண்ணீர் 'பசியோடு' அழுக்கைத் தின்னும் என்று சாமான் விற்பவர்கள் சொல்வார்கள், நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். அழுக்கைப் பெயர்ப்பது கம்பு நுனியில் இருக்கும் தூரிகை. தண்ணீர் பெயர்த்ததைக் கீழே கொண்டுபோகிறது, காயும்போது தன் பங்குக்கு எதையும் விட்டுவைக்காமல் போகிறது, அவ்வளவுதான்.

சரி, காசுக்கு வருவோம். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 25 கிராம் உப்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 70 பிபிஎம் தண்ணீரை நேராக விட்டால் 350 லிட்டரில் தீர்ந்துபோகும். முன்னால் ஆர்.ஓ. வைத்து 7 ஆக்கினால் 3,500 லிட்டர் வரும். கம்பில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓடுகிறது, அப்போது 350 லிட்டர் என்பது மூன்று மணி நேர வேலைகூட இல்லை. ஆர்.ஓ. தள்ளிவிடும் கழிவுத் தண்ணீருக்கும் பில் கட்ட வேண்டும், அது தனி.

இருந்தாலும் விலையைத் தீர்மானிப்பது நிமிடம்தான். கீழே நின்று ஜன்னலை எண்ணி, ஒன்றுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லிவிட்டு முதல் மாதமே நான் கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்று மாடிக் கடைவீட்டில் பல வருடமாகத் தொடாத ஜன்னல் என்றால் மேல்சட்டத்தில் ஆலைப் புகைக்கரி அப்பியிருக்கும், பக்கத்துக் கட்டடம் பறவைக்கூட்டு வீடாக (கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடம்) இருந்தால் எச்சமும் சேரும். சட்டத்தை முதலில் தேய்த்து, அது சொட்டி முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் கண்ணாடி. பொறுக்காமல் கண்ணாடியை அலசிவிட்டால் மேலிருந்து கறுப்புக்கோடு இறங்கும். அதனால் இப்போது முதல் தடவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறேன், மாதாமாதம் கூப்பிட்டால் அதில் பாதி. உயரத்துக்கும் கூடுதல் உண்டு. பம்புக்காக இல்லை, பத்து மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம் கூடினால் போதும், வேனில் இருக்கும் சின்னப் பம்பே அதைத் தள்ளிவிடும். ஆனால் பத்து மீட்டர் நீட்டிய கம்பு நாணல் மாதிரி வளையும், தோள்பட்டை போய்விடும். பழைய நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கியது) என்றால் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போகும், அதைக் கையால்தான் துடைக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் எவ்வளவு கொடுத்தாலும் கம்பை நீட்டமாட்டேன், கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும்.

ஒரு தடவை மீட்டர் 000 காட்டியும் மறுநாள் கண்ணாடி முழுக்கப் புள்ளி. மீட்டர் உப்பை நேராக எண்ணுவதில்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து அதை உப்பாக மாற்றிச் சொல்கிறது. கரைந்திருக்கும் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே சரக்கு) அநேகமாக மின்னூட்டம் இல்லாமலே கிடக்கும், அதனால் மீட்டருக்கு அது கண்ணில் படாது. ரெசின் தீரப்போகும்போது முதலில் நழுவுவதும் அதுதான். உருளையைத் திறந்தால் மீன் நாற்றம், ரெசின் சாகிற வாடை. ஆலையில் இத்தனை வருடம் தண்ணீர் பார்த்தவனுக்கு இது தோன்றாமல் போய்விட்டதே என்று மச்சான் இன்றைக்கும் கிண்டல் செய்கிறான். காசு வாங்காமல் அந்த வரிசை முழுவதையும் மறுபடி கழுவிக் கொடுத்தோம். இப்போது லிட்டர் கணக்கை வேன் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம், 3,000 தாண்டினால் மீட்டர் என்ன சொன்னாலும் ரெசினை மாற்றிவிடுகிறோம், மீதி 500 லிட்டரின் நஷ்டம் அடுத்த விலையில் சேர்ந்துவிடும்.