முதலில் நாற்காலியைச் சாய்

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். இறுதியாண்டு வகுப்பில் ஒருநாள் நானே நோயாளியாக நாற்காலியில் உட்கார்ந்தேன். மாணவி ஊசியோடு கிட்டே வந்ததும் கண்ணைச் செருகித் தலையைத் தொங்கப் போட்டேன். அவள் பதறிப்போய்ச் சொன்னது: "சிஸ்டர், தண்ணி கொண்டு வாங்க!"

வருஷா வருஷம் இதேதான். மயங்கியவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, வாயிலும் கொஞ்சம் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புத்தகத்தில் படித்ததை மூளை எடுத்துத் தருவதற்குள், பழகிய கை முந்திக்கொள்கிறது. அந்தக் கையைத்தான் மாற்ற வேண்டும்.

பல் நாற்காலியில் அதிகம் வருவது சாதாரண மயக்கம். பயத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இறக்கிவிடுகிறது. ரத்தக் குழாய்களும் தளர்வதால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போதாமல் போகிறது. நாற்காலியை முழுக்கச் சாய்த்துக் காலைச் சற்று உயர்த்தினால் தேங்கிய ரத்தம் தானே திரும்பும். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் கண் திறந்துவிடுவார். வாயில் ஊற்றும் தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிறைமாதக் கர்ப்பிணியை மட்டும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாந்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தும்.

சாய்த்த பிறகும் எழவில்லை என்றால் விஷயம் வேறு. மூச்சைப் பார்க்க வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நாற்காலியின் முதுகு அழுத்தும்போது ஆடும், அதனால் அதற்கடியில் ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுக்கச் சொல்லித் தருகிறோம்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மருந்து ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்தால் அட்ரினலின் போட வேண்டும். "மரத்துப்போகப் போடுற ஊசியிலேயே அட்ரினலின் இருக்கே சார், அதையே போட்டா என்ன?" நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாங்கள் போடும் மரப்பு மருந்து லிக்னோகைன் 2 சதவீதம். அதில் அட்ரினலின் 80,000இல் 1 பங்கு. அதாவது ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒவ்வாமையின்போது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டியது 500 மைக்ரோகிராம். அதை இதிலிருந்து எடுக்க 40 மில்லி போட வேண்டும். கூடவே 800 மில்லிகிராம் லிக்னோகைனும் உள்ளே போகும். அதற்கு 500தான் மேல்வரம்பு. காப்பாற்றப் போய் வலிப்பு வரவழைத்துவிடுவோம். 1,000இல் 1 பங்கு இருக்கும் தனி ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் பாதியே, வெறும் அரை மில்லியே, போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டவர்கள் மறப்பதில்லை.

அப்புறம், சர்க்கரை. பல் பிடுங்கப் போகிறோம் என்று சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் நிறைய. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு இல்லாதவருக்கு வாய்வழி எதுவும் கூடாது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலிலேயே கேட்டிருந்தால் இதெல்லாம் தேவைப்படாது.

கேட்பதிலும் எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து வந்த அம்மா "எனிக்கு வலிவுண்டு" என்றார். தமிழ் மாணவன் சீட்டில் வலிப்பு என்று எழுதிவிட்டான். மலையாளத்தில் வலிவு என்றால் ஆஸ்துமா, நாம் இழுப்பு என்கிறோமே, அது. இழுப்பு உள்ளவருக்குப் பக்கத்தில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமால் பம்ப் தயாராக இருக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்கு வாயிலுள்ள கருவிகளை உடனே வெளியே எடுத்து, கை கால்களை அமுக்கிப் பிடிக்காமல் விட வேண்டும். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். இரண்டு மொழியிலும் நோய்ப்பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதை அதற்குப் பிறகு பாடத்திலேயே சேர்த்தோம்.

ஒருமுறை பழகினால் போதாது, சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை வைக்கிறோம். போன முறை மதியம் இரண்டரைக்கு வைத்தோம். நாற்காலியை உடனே சாய்த்தார்கள், ஒருவர் 108க்கு அழைப்பதாக நடித்தார், ஒருவர் அவசர மருந்துப் பெட்டிக்கு ஓடினார். பெட்டி பூட்டியிருந்தது. சாவியோடு சிஸ்டர் சாயா குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அன்றைக்கே பூட்டைக் கழற்றிவிட்டோம்.