முத்தியாரா எல்ஆர்டி: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது?

பினாங்குத் தீவுக்கு எல்ஆர்டி எனும் இலகு ரயில் வரும் என்று கேட்டுக் கேட்டே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பலர் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். இப்போது முத்தியாரா என்று பெயர் பெற்றுள்ள இத்திட்டத்தின் இத்தனை ஆண்டு இழுபறிக்கு முக்கியக் காரணம், செலவை யார் ஏற்பது என்பதுதான்.

மாநில அரசு 2015இல் எஸ்ஆர்எஸ் கூட்டு நிறுவனத்தை நியமித்தது. சாலைகளும் ரயிலும் சேர்ந்த பெருந்திட்டத்தின் மதிப்பு பின்னர் சுமார் 46 பில்லியன் ரிங்கிட் என்று சொல்லப்பட்டது. அவ்வளவு பணம் மாநிலக் கருவூலத்தில் இல்லை. ஆகவே தீவின் தெற்குக் கடலைத் தூர்த்து, சுமார் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகளை உருவாக்கி, அந்த நிலத்தை விற்றுச் செலவை ஈடுகட்டத் திட்டமிட்டார்கள். முதலில் கடலில் நிலம் எழ வேண்டும், அதை வாங்க ஆள் வர வேண்டும், விலையும் விழாமல் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் தண்டவாளம். தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் மீனவர்களோ தங்கள் பிழைப்பே போய்விடும் என்று எதிர்த்தார்கள். 2023இல் மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கின. மிஞ்சியது 2,300 ஏக்கர் சிலிக்கான் தீவு.

2024 மார்ச்சில் எல்ஆர்டி திட்டத்தை மத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நிதியமைச்சுக்குச் சொந்தமான எம்ஆர்டி கோர்ப் நிறுவனமே இப்போது உரிமையாளர். முதல் பகுதியைக் கட்டும் குத்தகை எஸ்ஆர்எஸ் நிறுவனத்துக்கே கிடைத்தது. முழுப் பாதையும் சிலிக்கான் தீவிலிருந்து ஜார்ஜ்டவுனின் கொம்தார் வந்து, கடலைக் கடந்து பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை 29.5 கிலோமீட்டர். 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2031இல் முடிப்பது இலக்கு. மனை விற்பனையை நம்பி ரயில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் கோலாலம்பூரின் எம்ஆர்டி 3 ரயில் திட்டமும் கை நீட்டுவது அதே மத்திய கருவூலத்திடம்தான்.

சரி, பாதையோரத்தில் வீடோ கடையோ வைத்திருப்பவர் யாரிடம் போவது? அரசியலமைப்பின்படி ரயில் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே கதவுகள் இரண்டு.

முதல் கதவு மத்திய அரசாங்கம்; அது பாதையைப் பற்றியது. 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, ரயில் திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் தருவதற்கு முன் வரைபடங்களை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதே திட்டத்தின் பழைய வடிவமான பாயான் லெப்பாஸ் எல்ஆர்டி 2019 ஆகஸ்ட் 19 முதல் நவம்பர் 19 வரை இப்படி வைக்கப்பட்டது. தூண் எங்கே நிற்கிறது, நிலையம் எங்கே வருகிறது என்று கேள்வி எழுப்பவும் எழுத்தில் கருத்துத் தரவும் உரிய காலம் இந்த மூன்று மாதம்தான். கண்ணைப் பறிக்கும் நிலையப் படங்களை விட்டுவிட்டு, நில எல்லைக் கோடுகள் உள்ள வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கதவு நில அலுவலகம். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ‘இ’ பாரம் வந்தால், அது விசாரணைக்கான அழைப்பு. உங்கள் சார்பில் மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்று கையில் இருந்தால் பேச வசதி. பிறகு ‘எச்’ பாரத்தில் இழப்பீட்டுத் தொகை வரும். அது போதாது என்றால் ‘என்’ பாரத்தைப் பூர்த்தி செய்து, விவகாரத்தை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரலாம். விசாரணையில் கலந்துகொண்டவருக்கு, நில அலுவலகம் இழப்பீட்டைத் தீர்மானித்த நாளிலிருந்து ஆறு வாரமே அவகாசம். அங்கே பேசக்கூடியவை நிலத்தின் அளவு, இழப்பீட்டுத் தொகை, அது யாருக்கு எவ்வளவு என்பவை மட்டும். பாதையை மாற்றச் சொல்லி ‘என்’ பாரத்தில் எழுதிப் பயனில்லை.

வாடகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. உரிமையாளர் விரும்பும்வரை இருக்கலாம் என்ற அளவில், காலவரையறையே இல்லாமல் குடியிருப்பவரை இச்சட்டம் இழப்பீடு கோரத் தக்கவராகக் கொள்வதில்லை. வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு இருப்பவர்கள், ‘இ’ பாரம் உரிமையாளர் கைக்கு வரும் முன்பே காலவரையறையுடன் எழுத்து ஒப்பந்தம் போட்டு, முத்திரைத் தீர்வையும் செலுத்திவிடுவது நல்லது.