நஞ்சில் பிறந்த இரண்டு மாத்திரைகள்

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல். அதற்கு நடுவே ஒரு பண்ணைக்காரர், செத்துப்போன கிடேரி ஒன்றையும், ஒரு பால் கேனில் பிடித்த ரத்தத்தையும், பூஞ்சை பிடித்த தீவனப்புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி மாடிசன் நகருக்கு வந்தார். தேடிவந்த கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அன்று திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்கூடம். கேனுக்குள் இருந்த ரத்தம் உறையவே இல்லை.

குற்றவாளி அந்தப் புல்தான். நல்ல ஸ்வீட் க்ளோவர் புல்லில் வாசனை தரும் கூமரின் என்ற பொருள், புல் கெட்டுப்போகும்போது டைகூமரால் ஆகிவிடுகிறது. லிங்க் குழுவினர் அதைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதன் வீரியமான தம்பியை 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1951-ல் ஒரு ராணுவ வீரர் அந்த எலி மருந்தை விழுங்கினார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். முறிமருந்து இருக்கிறது என்றால், ரத்தம் கட்டாமலிருக்க மனிதருக்கே கொடுக்கலாமே என்று தோன்றியது. 1954-ல் அனுமதி வந்தது. மறுவருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதையே கொடுத்தார்கள்.

இன்னொரு மாத்திரையின் பூர்வீகம் இன்றைய நைஜீரியாவின் கலபார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அங்கே ஒரு கொட்டையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. மடியில் கனம் இல்லாதவன் மடமடவென்று குடித்து வாந்தி எடுத்துவிடுவான், பயந்தவன் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து மாட்டிக்கொள்வான் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதை நம்பி ஒரு மிடறுகூடக் குடிக்கமாட்டேன். எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற மருத்துவர் 1855-ல் அந்தக் கொட்டையைத் தானே கொஞ்சம் தின்று பார்த்தார். உடம்பு தளர்ந்ததும் பயந்துபோய், முகம் மழித்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பித்தார். அந்தக் கொட்டையின் சாரம்தான் ஃபைசோஸ்டிக்மின். அது, தசைகளைச் செயலிழக்கவைக்கும் க்யூராரே என்ற அம்பு விஷத்தை முறிக்கும் என்பது பிறகு தெரிந்தது.

மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் வந்தவரைப் பார்த்தால் க்யூராரே ஏறியவர் போலவே இருக்கும். இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், மெல்ல மெல்லத் தாடை சோர்ந்துவிடும். அப்படியானால் க்யூராரேயின் முறிமருந்தையே கொடுத்துப் பார்த்தால் என்ன? 1934-ல் லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் அதைச் செய்தார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் தொங்கிய இமை மேலே ஏறியது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி இறங்கியது. இன்று மாத்திரையாகத் தரும் பைரிடோஸ்டிக்மின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டும் விஷ வம்சம். அளவுக்கும் அபாயத்துக்கும் நடுவே இடைவெளி குறைவு. அதனால்தான் இந்த நோயாளிகள் இருக்கும் வார்டில் மருந்துச் சீட்டு எவ்வளவு முக்கியமோ, சிஸ்டர் கையில் இருக்கும் கடிகாரமும் அவ்வளவு முக்கியம்.

வார்ஃபரினை முதலில் பார்ப்போம். ‘ரத்தம் மெலிய மாத்திரை’ என்கிறோம், ஆனால் அது ரத்தத்தைத் துளியும் மெலிய வைப்பதில்லை. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்த வைட்டமின் கே-யை மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவர ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. ஏற்கெனவே செய்து ரத்தத்தில் விட்ட புரதத்தை அது தொடாது. மோட்டாரை நிறுத்தினாலும் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரும் அல்லவா, அந்தக் கதைதான். நான்கில் ஏழாம் காரணி என்ற புரதம் சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் காரணி பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் இரண்டாம் நாளே ஏறினாலும் ஏமாறக்கூடாது. ரத்தக்கட்டிக்கு எதிரான முழுப் பாதுகாப்பு வர நான்கைந்து நாள் வேண்டும். காலில் ரத்தம் கட்டியவருக்கு அதுவரை, உடனே பிடிக்கும் ஹெபாரின் ஊசியும் கூடவே போடுவது இதற்காகத்தான்.

ஐ.என்.ஆர். சாதாரணமாக 1 பக்கம் இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். உலோக வால்வு வைத்தவர்களில் சிலருக்கு இன்னும் கொஞ்சம் மேலே. ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டு, திருவனந்தபுரத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற ஒன்றை வைத்துக்கொண்டவர்கள், ஆயுளுக்கும் இந்த எண்ணோடுதான் வாழவேண்டும். மாத்திரையைச் சாயங்காலம் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு மதியம் வந்துவிடும். அளவை அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். சதையில் ஊசி போடுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள், உள்ளே ரத்தம் தேங்கிவிடும். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறதா என்று தினமும் கேட்பார்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டவர் ‘ஒன்றுமில்லை சிஸ்டர்’ என்றாலும் விடக்கூடாது.

கீரை விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய குழப்பம். ‘இனிமேல் முருங்கைக்கீரை தொடவே கூடாது’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதுதான் காரணம். கூடாது என்பதில்லை, ஒரே மாதிரி இருக்கவேண்டும். வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுபவருக்கு மருந்தின் அளவு அந்த இரண்டு நாளையும் கணக்கில் வைத்தே அமைந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் எண் ஏறும். மகள் வீட்டுக்குப் போய்த் தினமும் கீரை சாப்பிட்டால் இறங்கும். மாத்திரையை மறந்துவிட்டால் அதே நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

வார்ஃபரின் நாள் கணக்கில் வேலை செய்யும் என்றால், பைரிடோஸ்டிக்மினுக்கு நிமிடக் கணக்கு. நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவந்து தசையின் ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். மையஸ்தீனியாவில் உடம்பின் சொந்த எதிர்ப்பொருள்களே அந்த ஏற்பிகளை அழிக்கின்றன. இந்த மாத்திரை, அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கிற கொஞ்ச ஏற்பிக்கும் கூடுதல் வாய்ப்புக் கொடுக்கிறது. அரை மணி முதல் முக்கால் மணிக்குள் பிடிக்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்கவேண்டும். எட்டரை மணி மாத்திரை, டியூட்டி மாறும் நேரத்தில் ஒன்பதேகாலுக்குப் போனால், ஒன்பது மணி இட்லியை விழுங்கத் தொண்டையில் பலம் இருக்காது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

அதிகமானாலும் வம்பு. எச்சில் வழியும், கண்ணீர் பெருகும், வயிறு போகும், கண்மணி சிறுக்கும், தசை துடிக்கும், கடைசியில் அதுவும் பலவீனத்தில்தான் முடியும். மருந்து போதாமல் வந்த தளர்ச்சியா, கூடிப்போய் வந்த தளர்ச்சியா என்று தெரியாமல் இன்னொரு மாத்திரை கொடுப்பதுபோல் ஆபத்து வேறில்லை.

இந்த இரண்டு நோயாளிகளுக்கும் பொதுவான ஒரு பொறி சிப்ரோஃப்ளாக்சசின். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்துக்கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆரை ஏற்றிவிடக்கூடும், மையஸ்தீனியா உள்ளவருக்குத் தளர்ச்சியைக் கூட்டும். எந்தக் கவுன்டரில் நின்றாலும் தன் நோயின் பெயரை முதலில் சொல்லும் பழக்கம் இவர்களுக்கு வேண்டும்.

மையஸ்தீனியா நோயாளிக்கு மூச்சுத் தசை சோர்கிறதா என்று பார்க்க, படுக்கையருகே செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. “அம்மா, மூச்சை நல்லா இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க” என்பார் சிஸ்டர். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை இங்கே நம்பமுடியாது. நுரையீரலில் கோளாறு இல்லை, துருத்தியை இழுக்கும் தசைதான் களைத்துப்போகிறது. ஆக்சிஜன் எண் கடைசி நேரத்தில்தான் சரியும். காலையில் அந்த அம்மா 32 வரை எண்ணினார். மதியம் 24. விளக்கு வைக்கும் நேரத்தில் 15-ல் குரல் தேய்ந்து நின்றது. கருவி அப்போதும் 97 என்றே காட்டியது. சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டார்.