அளந்த இடமும் விழுந்த இடமும்: உறைந்த ஏரியில் மீன்பிடிக்கச் செல்வோருக்கு

உறைந்த ஏரிக்குள் விழுந்து மீட்கப்பட்டவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் பல குளிர்காலங்களாகப் பார்த்து வருகிறேன். உடல் சூடேறிப் பேச்சு திரும்பியதும் அவர்களில் பலர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "காலையில் துளை போட்டு அளந்தோம் டாக்டர், பனிக்கட்டி ஆறு அங்குலத் தடிமன் இருந்தது." அதை நான் நம்புகிறேன். அளந்த இடத்தில் ஆறு அங்குலம் இருந்திருக்கும், விழுந்த இடத்தில் இரண்டுகூட இருந்திருக்காது. ஓரிடத்து அளவை ஏரி முழுவதற்கும் பொருத்திக்கொண்டதே அவர்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

ஏரிகள் மிகுந்த அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவின் இயற்கை வளத் துறை, நடந்து செல்வதற்குக் குறைந்தது 4 அங்குலமும் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலமும் தேவை என்கிறது. பிக்கப் வண்டிக்கு ஓரடியோ அதற்கு மேலோ வேண்டும். ஆனால் இந்த எண்கள் யாவும் புதிதாக உறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டிக்கு உரியவை. ஈரப்பனி விழுந்து இறுகியதால் உண்டாகும் வெண்ணிறப் பனிக்கட்டியில் காற்றுக்குமிழிகள் நிறைந்திருக்கும், அதன் வலிமை ஏறத்தாழப் பாதிதான் என்பதால் கனம் இரு மடங்காக இருந்தாக வேண்டும். வசந்தம் நெருங்கும்போது வெயில்பட்ட பனிக்கட்டி செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்துவிடுகிறது. அந்த நிலையில் ஓரடிக் கனம் இருந்தாலும் நான் அதன்மேல் கால் வைக்க மாட்டேன்.

மேலே படியும் பனியும் நம்மை ஏமாற்றும். அது போர்வைபோல் மூடிக்கொண்டு குளிரை உள்ளே விடாததால், கடுங்குளிர் வாரத்திலும் அடியில் கட்டி தடிக்காமல் நின்றுவிடும். போதாததற்குப் பனியின் பாரம் கட்டியை அழுத்த, வெடிப்புகள் வழியே தண்ணீர் மேலேறி, பனிக்கடியில் உறையாமல் கூழாகத் தேங்கும். ஸ்னோமொபைல் அதில் சிக்கிவிட்டால் இறங்கித் தள்ளுகிறவரின் காலணிக்குள் தண்ணீர் புகும், பிறகு அவர் உறைகுளிர்க் காயத்தோடு எங்களிடம் வருவார்.

பெரிய ஏரியின் ஆபத்து வேறு வகையானது. ஆறு வந்து கலக்கும் வாய், ஏரி குறுகும் இடுக்கு, அடியில் ஊற்றுள்ள இடம் ஆகியவற்றில் நீரோட்டம் பனிக்கட்டியைக் கீழிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். வெப்பநிலை மாறுவதாலும் காற்றாலும் பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கி மேடாக எழும்பும் இடங்களும் உண்டு. அந்த அழுத்த மேட்டையொட்டி திறந்த நீரோ, பனி மூடிய மெல்லிய தகடோ இருக்கும். மேட்டின் நடுவே நேற்று பத்திரமாகக் கடந்த இடைவெளி இன்று அங்கேயே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

காற்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஈரி ஏரியில், ஒஹாயோ மாநிலக் கரையருகே பெரும்பாளம் ஒன்று பிரிந்து நகர்ந்தபோது, அதன்மேல் மீன்பிடித்துக்கொண்டிருந்த 130க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டர்களும் படகுகளும் கொண்டு மீட்க வேண்டியிருந்தது, ஒருவர் உயிரிழந்தார். 2023 டிசம்பர் இறுதியில் மின்னசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே கரையிலிருந்து துண்டிக்கப்பட்டனர். காலடியில் பனிக்கட்டி உடையாமலே ஆபத்து வரலாம் என்பதால், கனத்தை அளப்பதற்கு முன்பே கரையிலிருந்து ஏரிப்பக்கம் வீசும் காற்று பலக்குமா என்று பாருங்கள்.

நடக்கும்போது கனத்த கடப்பாரையால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே செல்வதுதான் நான் அறிந்த சிறந்த பழக்கம். குத்து உள்ளே இறங்கினால் வந்த தடத்திலேயே திரும்பிவிடலாம். வண்டியில் போவோர் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடும் வண்டியின் எடையில் பனிக்கட்டி வளைவதால் அதனடியில் நீர் அலையாகத் திரண்டு நகர்கிறது, குறிப்பிட்ட வேகத்தில் அந்த அலை பெருகிப் பனிக்கட்டியையே உடைத்துவிடும். வண்டி மூழ்கினால் உடனே வெளியேறுவதற்காக இருக்கைப்பட்டையைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வைப்பது பனிக்கட்டிமேல் மட்டும் சரியான செயல்.

தவறி விழுந்தால் என்ன நடக்கும் என்பதை கடுங்குளிர் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், அப்போது தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது ஒன்றே வேலை. அடுத்த பத்து நிமிடம் வரை கைகால்கள் ஓரளவு நம் சொல் கேட்கும். குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பதறி முதல் நிமிடத்திலேயே நீரை விழுங்கிவிடாமல் இருந்தால் வெளியேற நேரம் இருக்கிறது. வந்த திசைக்கே திரும்புங்கள், ஏனெனில் உங்களைத் தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் உள்ளது. இரு கைகளையும் அதன்மேல் நீட்டி, கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி, மேலே ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். கைப்பிடியுள்ள இரண்டு கூர் ஆணிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தால் வழுக்கும் விளிம்பில் அவையே பிடிமானம். நான் பார்த்த ஒருவருடைய ஆணிகள் பையில் இருந்தன, பையோ சற்றுத் தள்ளி நின்ற சறுக்குவண்டியில் நனையாமல் இருந்தது.

பனிக்கட்டிமேல் போட்ட மீன்பிடிக் குடிலுக்குள் கேஸ் அடுப்பு எரிப்போர் காற்றுவழியை அடைக்க வேண்டாம். அடுப்பிலிருந்து சேரக்கூடிய நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். தலைவலி வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

மீட்கப்பட்டவரை நிற்கவோ நடக்கவோ விடாமல் படுத்த நிலையிலேயே மெதுவாகத் தூக்குங்கள். குளிர்ந்த இதயம் சிறு குலுக்கலுக்கும் தாளம் தவறக்கூடும். ஈர உடையை வெட்டி அகற்றி உடலின் நடுப்பகுதியைப் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கு. அசைவும் மூச்சும் இல்லையென்றால் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண்ணின் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. அவர் உயிர் பிழைத்தார். அதனால்தான், குளிரில் உறைந்து வரும் ஒருவரைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று நாங்கள் சொல்வதில்லை.